புவியியல் படித்தால் என்ன வேலை? கடலூர், புதுச்சேரி பிள்ளைகளுக்காக

மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தால் என் போனுக்கு இரண்டு விதமாக அழைப்பு வரும். "அண்ணா, ஜியாகிரபி சீட் கிடைச்சிருக்கு, சேரலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "அதைப் படிச்சா வாத்தியார் வேலைய விட்டா வேற என்ன தம்பி இருக்கு?" என்று அவர்களுடைய அப்பாக்கள் கேட்பார்கள். இரண்டுக்கும் போனில் பத்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் கும்பகோணத்தில் புவியியல் படித்தேன், அப்புறம் சென்னையில் மூன்று வருடம் கம்ப்யூட்டரில் வரைபட வேலை, இப்போது கடலூரில் இருந்துகொண்டே ஏரி, ஆறு, வெள்ளம் சம்பந்தமான வரைபடங்கள் போட்டுக் கொடுக்கிறேன்.

சேரலாம். ஆனால் பட்டம் கைக்கு வந்ததும் வேலை தானாக வரும் என்று நினைத்துச் சேராதீர்கள். பி.காம் முடித்தால் கணக்கு வேலை, நர்சிங் முடித்தால் ஆஸ்பத்திரி என்று அவர்களுக்கு நேர்வழி இருக்கிறது. 'புவியியல் பட்டதாரி தேவை' என்று விளம்பரம் வருவது பள்ளிக்கூடத்தையும் கல்லூரியையும் விட்டால் மிகக் குறைவு. வேலை நிறையவே இருக்கிறது, அது ஜிஐஎஸ் (கம்ப்யூட்டரில் வரைபட வேலை) அனலிஸ்ட், ஸ்பேஷியல் டேட்டா (இடம் சார்ந்த தரவு), ரிமோட் சென்சிங் (மேலிருந்து எடுத்த படங்களைப் படிப்பது), நகரத் திட்டமிடல், பேரிடர் மேலாண்மை, நீர்வள ஆய்வு என்று வேறு வேறு பெயரில் இருக்கிறது. அந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு, புவியியலோடு இன்னொரு கைவேலையையும் சேர்த்துக்கொண்டால்தான் கதவு திறக்கும். அது மென்பொருளாக இருக்கலாம், புள்ளியியலாக இருக்கலாம், பாடம் நடத்தும் பயிற்சியாகவும் இருக்கலாம். மூன்று வருடத்தில் எதைச் சேர்த்துக்கொள்வது என்பதை முதல் வருடத்திலேயே யோசிக்க ஆரம்பியுங்கள்.

பெயரில் இருக்கிற குழப்பம்

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வருடக்கணக்கில் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளிப் புத்தகத்தில் புவியியல் என்றால் ஜியாகிரபி. ஆனால் தமிழக அரசின் 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை' என்பது ஜியாலஜி, அதாவது பாறை, கனிமம் சம்பந்தப்பட்ட துறை. இரண்டுக்கும் ஒரே சொல் புழங்குவதால், நெய்வேலி பக்கத்துப் பிள்ளைகள் பலர் "சுரங்கம் பக்கத்துலயே இருக்கு, புவியியல் படிச்சா உள்ள போயிடலாம்" என்று நம்பிச் சேருகிறார்கள். சுரங்கத்தில் ஜியாலஜிஸ்ட் வேலைக்கு ஜியாலஜியில்தான் பட்டம் கேட்பார்கள். கேப்பர் மலையின் செம்பாறைக்கு உலகம் முழுக்கப் பாறைப் புத்தகங்களில் 'கடலூர் மணற்கல்' என்று நம் ஊர்ப் பெயரே இருக்கிறது. அந்தப் பாறையைப் படிக்க ஆசை என்றால் ஜியாலஜிக்கே போய்விடுங்கள், அது நல்ல படிப்பு.

அதேபோல இன்னும் மூன்று இடங்கள். யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வுக்குப் புவியியல் முதுகலை செல்லாது. இந்திய வனப்பணித் தேர்வு எழுத விலங்கியல், தாவரவியல், வேதியியல், ஜியாலஜி, கணிதம், இயற்பியல், புள்ளியியல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, வேளாண்மையும் பொறியியலும் கால்நடை மருத்துவமும்கூட அதில் உண்டு, புவியியல் மட்டும் இல்லை. வானிலைத் துறையில் உதவியாளர் வேலைக்கு இயற்பியல் போன்ற அறிவியல் பாடங்களில் பட்டம் கேட்கிறார்கள். எந்தத் தேர்வாக இருந்தாலும் கோச்சிங் பணம் கட்டுவதற்கு முன்னால் அறிவிக்கையில் கல்வித்தகுதிப் பகுதியை வரிக்கு வரி நீங்களே படியுங்கள். யாரோ சொன்னார் என்று நம்பி இறங்காதீர்கள். நம்ம ஊரில் சர்வேயர் வேலையும் அப்படித்தான். நில அளவர் பதவிக்கு ஐடிஐ சர்வேயர் படிப்பு, சிவில் டிப்ளமா என்று தனித்தகுதி கேட்பார்கள், டிகிரி பெரிதாக இருக்கிறது என்பதால் விட்டுவிட மாட்டார்கள்.

அரசுத் தேர்வுகள்

இதைப் பற்றி எல்லாரும் பேசுவதால் சுருக்கமாகவே சொல்கிறேன். சிவில் சர்வீஸ் தேர்வில் புவியியலுக்கு நல்ல இடம் உண்டு. முதல்நிலையில் கேள்வி வரும், முதன்மைத் தேர்வின் முதல் பொது அறிவுத் தாளில் தனிப் பகுதியே இருக்கிறது, விருப்பப் பாடமாக எடுத்தால் 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள். எழுத்துத் தேர்வின் 1750-இல் 500 இதற்கே போகிறது. இரண்டாம் தாளில் இந்திய வரைபடத்தில் இடங்களைக் குறித்து ஒவ்வொன்றின் முக்கியத்துவத்தையும் இரண்டு வரியில் எழுதச் சொல்வார்கள், தினமும் அட்லஸோடு உட்கார்ந்த பிள்ளைக்கு அது கைக்கு எளிது. டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 இரண்டுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும், புவியியல் பகுதியில் மற்றவர்களைவிட நீங்கள் ஒரு படி முன்னால் இருப்பீர்கள், அவ்வளவுதான். மீதிப் படிகளை எல்லாரையும் போலத்தான் ஏற வேண்டும்.

புதுச்சேரிப் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கென்று தனித் தேர்வாணையம் கிடையாது. உயர் பதவிகளுக்கு யுபிஎஸ்சி, மற்ற வேலைகளுக்குப் புதுச்சேரி அரசே தேர்வு நடத்துகிறது. முள்ளோடையைத் தாண்டினால் விதி மாறிவிடும், கடலூர் நண்பனின் நோட்ஸை அப்படியே நம்பிப் படித்துக்கொண்டிருக்காதீர்கள்.

வாத்தியார் வேலை

அப்பாக்கள் சலிப்போடு சொல்லும் இந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. எனக்கு எட்டாம் வகுப்பில் பாடம் எடுத்த டீச்சர் ஒரு நாள் கெடிலம் ஆற்றங்கரைக்கு எங்களை அழைத்துக்கொண்டு போய், வளைவின் வெளிப்பக்கம் கரை செங்குத்தாக அறுபட்டிருப்பதையும் உள்பக்கம் மணல் சேர்ந்திருப்பதையும் காட்டி, "ஏன் இப்படி?" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் ஒன்றுமே பேசாமல் நின்றார்கள். நான் இந்தப் பாடத்துக்கு வந்ததே அன்றைக்குத்தான்.

தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியராக பி.எட்., டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்தும் போட்டித் தேர்வு என்று மூன்றையும் தாண்ட வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. புவியியலோடு பி.எட். வேண்டும். கல்லூரிக்கு யுஜிசி நெட் அல்லது மாநிலத்தின் செட் என்கிற தகுதித் தேர்வு. நெட் தேர்வில் புவியியலின் பாட எண் 80. நெட்டில் ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித் தகுதி வந்துவிட்டால் ஆராய்ச்சி செய்யும் காலத்தில் மாதாமாதம் உதவித்தொகை வரும், வீட்டில் கையேந்தாமல் பி.எச்டி. முடிக்க அதுதான் வழி. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் அங்கே ஆசிரியராக நினைப்பவர்கள் என்சிஇஆர்டி புத்தகங்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. புவியியலை மேல்நிலையில் தனிப் பாடமாக நடத்தும் பள்ளிகள் குறைவு, அதனால் காலியிடமும் குறைவாகவே வரும். ஆசிரியர் வேலை ஒன்றையே நம்பி ஐந்தாறு வருடம் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம், கூடவே இன்னொரு வழியையும் திறந்து வையுங்கள்.

கம்ப்யூட்டரில் வரைபடம்: ஜிஐஎஸ்

இன்றைக்குத் தனியார் துறையில் புவியியல் பிள்ளைகளுக்கு அதிகமாகக் கிடைப்பது இந்த வேலைதான். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு, ஹைதராபாத், நொய்டா என்று பல ஊர்களில் இதற்கான நிறுவனங்கள் இருக்கின்றன. செயற்கைக்கோள் படத்தையோ ட்ரோன் படத்தையோ திரையில் வைத்து ரோடு, வீடு, மரம், மின்கம்பம் என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டு எடுப்பது, லைடார் (லேசர் ஒளியால் அளந்த) புள்ளிகளை இது தரை, இது கட்டடம் என்று பிரிப்பது, கேபிள் போகும் பாதையை வரைபடத்தில் ஏற்றுவது, இப்படித்தான் எல்லாருக்கும் ஆரம்பிக்கும். ஆரம்பச் சம்பளம் குறைவு, நைட் ஷிஃப்ட் இருக்கலாம், மணிக்கு இத்தனை என்று டார்கெட் வைப்பார்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் எட்டு மாதம் வீட்டுக் கூரைகளைச் சுற்றிக் கோடு போட்டதைத் தவிர வேறு ஒன்றும் கற்றுத் தரவில்லை, போதாததற்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே வரும்போது இரண்டு மாதம் அலைய விட்டார்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடு போடும் வேலையிலேயே நின்றுவிட்டால் ஐந்து வருடம் கழித்தும் அங்கேயே இருப்பீர்கள். மேலே போவதற்கு மூன்று விஷயம் போதும் என்பது என் அனுபவம். ஒன்று, க்யூஜிஐஎஸ். இலவச மென்பொருள், நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் ஆர்க்ஜிஐஎஸ் செய்யும் பெரும்பாலான வேலைகளை இதிலேயே செய்யலாம், இதில் கை பழகினால் அதற்கு மாற ஒரு வாரம் ஆகும். இரண்டு, எஸ்க்யூஎல், அதாவது தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் மொழி. மூன்று, கொஞ்சம் பைதான். நூறு கிராமத்துக்கு ஒரே வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னால் நூறு தடவை கிளிக் பண்ணுகிறவனைவிட இருபது வரி எழுதி ஒரே தடவையில் முடிக்கிறவளுக்குத்தான் அடுத்த வருடம் பொறுப்பு கொடுப்பார்கள்.

இதற்காக இன்ஸ்டிடியூட்டில் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கட்டிச் சேராதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்திய தொலையுணர்வு நிறுவனம், ஐஐஆர்எஸ் என்பார்கள், மாணவர்களுக்கு இலவசமாகவே ஆன்லைன் வகுப்பு நடத்திச் சான்றிதழும் தருகிறது. மத்திய அரசின் ஸ்வயம் ஆன்லைன் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இருக்கின்றன, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும்தான் கட்டணம். சுமாரான ஒரு லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் போதும். வீட்டில் லேப்டாப் இல்லையென்றால் கல்லூரி லேபில் மாலை ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

முதல் வரைபடம்: நம்ம கடற்கரை

சான்றிதழைவிட இன்டர்வியூவில் பேசுவது நீங்களே போட்ட வரைபடம். என்ன போடுவது என்று யோசிக்கவே வேண்டாம், கடலூரும் புதுச்சேரியும் புவியியல் மாணவருக்குப் பெரிய கொடுப்பினை. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று புத்தகத்தில் படிப்பது எல்லாம் நம் வாசலில் நடந்திருக்கிறது. ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூருக்குள் புகுந்தது. ஒரு புயல், ஓர் அணை, ஓர் ஆறு, இரண்டு அரசு. இதைவிட நல்ல பாடம் எந்த ஊரில் கிடைக்கும்?

முதல் வரைபடத்துக்குப் புதுச்சேரிக் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். நம் கரையோரம் அலை மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வருடத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காக. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக 1980-களின் கடைசியில் கடலுக்குள் கற்சுவர் நீட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அங்கேயே நின்றது. தெற்குப் பக்கம் வீராம்பட்டினத்தில் மணல் சேர்ந்தது, வடக்கே பீச் ரோட்டில் மணல் போய் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே இருந்த மீனவர் குப்பங்களுக்கு அரிப்பு நகர்ந்தது, அங்கே தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு) கேட்டார்கள், அது அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அப்புறம் 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கினார்கள், அதற்குப் பின்னால் பீச் ரோட்டில் மறுபடியும் மணல் சேர்ந்தது. இத்தனையும் மேலிருந்து எடுத்த படத்தில் கண்ணுக்குத் தெரியும்.

செய்வது இப்படி. 1972-இலிருந்து வானத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டிருக்கும் லேண்ட்சாட், 2015-இலிருந்து வரும் சென்டினல் 2, இந்த இரண்டு வகைச் செயற்கைக்கோள் படங்களுமே இலவசம், பதிவு செய்தால் தரவிறக்கலாம். 1990 வாக்கில் ஒன்று, 2005 வாக்கில் ஒன்று, இப்போது ஒன்று என்று மூன்று படம் எடுங்கள். மூன்றும் ஒரே பருவத்தில் எடுத்ததாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம்தான் தெரியும், தை, மாசிப் படங்கள் சுத்தமாக இருக்கும். க்யூஜிஐஎஸ்ஸில் திறந்து, யுடிஎம் மண்டலம் 44 வடக்கு என்ற ஆயமுறையை (இடத்தை மீட்டர் கணக்கில் குறிக்கும் முறை) வையுங்கள், நம் பகுதிக்கு அதுதான். பச்சை நிற அலைவரிசையிலிருந்து அருகாமை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தண்ணீர் வெளிச்சமாகவும் தரை இருட்டாகவும் பிரிந்து வரும். அந்த எல்லையில் கோடு போடுங்கள், மூன்று வருடத்துக்கு மூன்று நிறம்.

இங்கேதான் நல்ல மாணவர் யார் என்று தெரியும். லேண்ட்சாட்டில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர், சென்டினலில் 10 மீட்டர். அப்படியிருக்க "கரை 7 மீட்டர் உள்ளே வந்துவிட்டது" என்று எழுதினால் தெரிந்தவர் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார். படம் எடுத்த நேரத்தில் ஏற்றமா வற்றமா என்பதும் கரையின் கோட்டை நகர்த்திவிடும். 'இந்த அளவுக்குக் குறைவான மாற்றத்தை இந்தப் படத்தில் சொல்ல முடியாது' என்று வரைபடத்தின் கீழே நீங்களே எழுதி வையுங்கள். இன்டர்வியூ எடுப்பவரின் கண் முதலில் அந்த வரியில்தான் நிற்கும்.

இரண்டாவது வரைபடத்துக்குப் பாகூர் ஏரி. ஏரி புதுச்சேரியில், அதற்குத் தண்ணீர் தரும் சொர்ணாவூர் அணைக்கட்டு தமிழ்நாட்டில், நடுவில் பங்காரு வாய்க்கால். எல்லை எப்படித் துண்டு துண்டாகப் போகிறது என்பதை இந்த ஒரு வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு போனாலே புரிந்துவிடும். தரை வரைபடத்துக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள்களை அவர்களுடைய இணையதளத்திலேயே எடுக்கலாம். பழைய எண்ணில் புதுச்சேரி நகரம் 58 எம்/13-இல் விழும், கடலூர் முதுநகர் 58 எம்/14. இந்த எண்களை வாயால் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் துறைக்காரர்கள் உங்களைத் துறைக்காரராகவே பார்ப்பார்கள். 1767-இலிருந்து இருக்கும் நிறுவனம் அது. 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான கோடு) அளந்து தொடங்கிய அளவைதான் பிறகு இமயமலை வரை போனது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-இல் சர்வே பள்ளியாகப் பிறந்ததுதான். நம் மண்ணிலிருந்து தொடங்கிய தொழில் இது என்பதில் எனக்கு நிஜமாகவே பெருமை உண்டு.

டீக்கடையில் கற்றது

2015 வெள்ளம் முடிந்த பிறகு குறிஞ்சிப்பாடி பக்கம் பரவனாற்றை ஒட்டிய ஒரு கிராமத்துக்கு வெள்ளம் தேங்கும் இடங்களின் வரைபடம் போடும் வேலை எனக்கு வந்தது. விண்ணோடத்திலிருந்து எடுத்த 30 மீட்டர் உயரத் தரவை வைத்து மூன்று நாளில் அழகாகப் போட்டுவிட்டேன். காலனித் தெருவிலிருந்து தண்ணீர் கிழக்கே சரிந்து ஆற்றுக்குப் போய்விடும் என்று என் வரைபடம் சொன்னது. அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் டீக்கடையில் விரித்தேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"இது எந்த ஊரு தம்பி?"

"இந்த ஊருதான் ஐயா."

"இந்த ஊருன்னா தண்ணி இப்படிப் போவாதே. ரோட்ட ஒசத்தனப்ப மதகை எடுத்துட்டு பைப்பு வச்சாங்க. மழ பேஞ்சா ரோடுதான் அணைக்கட்டு. காலனியில மூணு நாளு இடுப்பளவு நின்னுச்சு."

அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நெய்வேலி காட்டாமணக்குப் புதரை விலக்கினால் இரண்டடி விட்டத்தில் ஒரு சிமென்ட் குழாய், பாதிக்கு மேல் மண் அடைத்திருந்தது. ரோடு வயல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட ஐந்தடி உயரம். டேப் பிடித்து இரண்டையும் அளந்து நோட்டில் எழுதினேன். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வைக்கும் தரவுக்கு அந்த ரோடும் தெரியாது, அந்தக் குழாயும் தெரியாது. அன்றைக்கு மாலையே ரோட்டைத் தடுப்பாக வரைபடத்தில் ஏற்றி மறுபடி ஓட்டினேன், பெரியவர் சொன்ன இடத்திலேயே நீலம் தேங்கி நின்றது.

அதற்குப் பிறகு களத்துக்குப் போகாமல் நான் எந்த வரைபடத்தையும் கொடுப்பதில்லை. நீங்களும் முதல் வருடத்திலிருந்தே ஒரு நோட்டு, ஒரு டேப், போனில் இடக்குறிப்பு எடுக்கும் ஒரு ஆப், இந்த மூன்றோடு உங்கள் ஊர் ஏரியையோ வாய்க்காலையோ மாதம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வெள்ளம் எந்தத் தேதியில் எந்த வீட்டுத் திண்ணை வரை வந்தது என்று ஊரில் கேட்டு எழுதுங்கள். எந்த செயற்கைக்கோளும் தராத தரவு அது.

கடலோரம், பேரிடர், நகரத் திட்டம்

பேரிடர் மேலாண்மையில் மாவட்ட அளவிலிருந்து தேசிய அளவு வரை ஒப்பந்த வேலைகள் வருகின்றன, தொண்டு நிறுவனங்களிலும் உண்டு. இதற்கு ராடார் படத்தைப் படிக்கத் தெரிந்திருப்பது பெரிய பலம். புயல் நேரத்தில் சாதாரண படத்தில் மேகம்தான் இருக்கும், சென்டினல் 1 போன்ற ராடார் மேகத்தைத் துளைத்துக் கீழே தேங்கிய தண்ணீரைக் கறுப்பாகக் காட்டும். வெள்ள நேரத்தில் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய தொலையுணர்வு மையம் மாநிலங்களுக்கு வரைபடம் அனுப்புவது பெரும்பாலும் இப்படிப்பட்ட படங்களை வைத்துத்தான். கடல் சம்பந்தமாக என்றால் சென்னையில் தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும், சுனாமி எச்சரிக்கை தரும் ஹைதராபாத் இன்காய்ஸும் இருக்கின்றன, திட்ட உதவியாளர் வேலைக்கு அவ்வப்போது ஆள் எடுப்பார்கள். பிச்சாவரத்தில் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி அலையாத்திக் காட்டை மீட்டது போன்ற வேலைகளில் தாவரவியல் படித்தவரோடு புவியியல் படித்தவரும் தேவைப்படுகிறார், தண்ணீர் எந்தச் சரிவில் உள்ளே வரும் என்று சொல்ல ஆள் வேண்டுமே.

நகரத் திட்டமிடல் நம் பிள்ளைகள் அதிகம் யோசிக்காத வழி. எம்.பிளான், அதாவது திட்டமிடல் முதுகலை, என்றால் கட்டடக்கலை படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். புவியியல் முதுகலை முடித்தவர்களும் பல கல்வி நிறுவனங்களில் சேரலாம். முடித்தால் நகர் ஊரமைப்புத் துறை, திட்டமிடல் ஆலோசனை நிறுவனங்கள் என்று நல்ல இடங்களுக்குப் போகலாம். மக்கள்தொகை, இடப்பெயர்வு பிடிக்கும் என்றால் மும்பையில் ஐஐபிஎஸ் என்ற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ட்ரோன் ஓட்ட ஆசையா? பத்தாம் வகுப்பும் 18 வயதும் ஆகியிருந்தால் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கலாம், ஆனால் ட்ரோனை ஓட்டுகிறவரைவிட அது எடுத்த படத்தை வரைபடமாக மாற்றத் தெரிந்தவருக்குத்தான் வேலை நிலைக்கும்.

மேற்படிப்பு, பக்கத்திலேயே இருக்கிற பொக்கிஷம்

முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், கும்பகோணம் அரசுக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி என்று தமிழ்நாட்டிலேயே இடங்கள் இருக்கின்றன. டெல்லி போகத் துணிவிருந்தால் ஜேஎன்யுவும் டெல்லிப் பல்கலைக்கழகமும், இரண்டுக்கும் பொது நுழைவுத் தேர்வு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் சம்பந்தமான முதுகலைகள் உண்டு, பேரிடர் மேலாண்மையை அதன் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வளாகத்தில் நடத்துகிறார்கள்.

அப்புறம், 1955-இலிருந்து புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளை 1:250,000 அளவில் வரைபடமாக்கியவர்கள் இவர்கள். அந்த வரைபடத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் பின்னால் எத்தனை பேர் காட்டுக்குள் நடந்திருப்பார்கள் என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கும். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊரில் அப்படி ஓர் இடம் இருக்க, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம். நூலகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள், ஆய்வாளர்களுக்கு மெயில் எழுதுங்கள்.

மெயில் எப்படி எழுதுவது என்று பலரும் கேட்கிறார்கள். "மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு இன்டர்ன்ஷிப் வேண்டும்" என்ற இரண்டு வரி மெயிலுக்குப் பதில் வராது, அவர்களுக்கு அதுபோல நாளைக்குப் பத்து வரும். நீங்கள் போட்ட ஒரு வரைபடத்தை இணைத்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒரு கேள்வியைக் கேளுங்கள். "வீராம்பட்டினத்தில் மணல் சேர்ந்ததை என்னால் அளக்க முடிந்தது, ஆனால் முகத்துவாரத்தில் இரண்டு படங்களும் ஒத்துப்போகவில்லை, மண்வாரிக் கப்பல் வேலை செய்ததால் இருக்குமா?" என்று ஒரு மாணவி எழுதினாள், நான் பார்த்துத் திருத்திக் கொடுத்த மெயில்தான். மூன்றாம் நாள் பதில் வந்தது, இரண்டு மாதம் வேலை பார்க்கக் கூப்பிட்டார்கள்.

இன்டர்வியூவுக்குப் போகும்போது ஐந்தாறு வரைபடங்களை ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். லேப்டாப் திறக்க நேரம் தர மாட்டார்கள், தாளை மேசையில் விரித்தால் எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். இப்போது நான் பார்க்கும் வேலைக்கான இன்டர்வியூவில் அந்தப் பரவனாற்று வரைபடத்தைத்தான் விரித்தேன். வந்திருந்த பொறியாளர் ரோட்டின் மேல் விரலை வைத்து, "இந்த இடத்துல பைப் இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, டேப் பிடித்து அளந்த பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.